ஆயில் மாற்றக் கொடுத்தேன், மரையைத் தின்றுவிட்டார்கள்

கோவையில் இருசக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆயில் மாற்றக் கொடுத்த வண்டி, ஒரு மாதம் முடிவதற்குள் குட்டியானை எனும் சின்னச் சரக்கு வண்டியில் ஏறி ஊர் திரும்பிய கதை இது. (மரை என்பது போல்டும் அதன் துளையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் திருகு வரி.) பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அந்த ஒரு பட்டறையிலிருந்து மட்டும்தான் தப்பிப்பீர்கள்.

என்னுடையது ஆறு வருடம் ஓடிய 125 சிசி வண்டி. வழக்கமாகப் போகும் இடத்தில் கூட்டம் என்பதால், வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த பட்டறையில் காலை ஒன்பது மணிக்கு விட்டேன். ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. மதியம் கேட்டால் "சாயங்காலம் சார்" என்றார் உரிமையாளர். சாயங்காலம் போனால் "காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் சார், இன்றைக்கு வேலை அதிகம்" என்றார். என் வண்டியைத் தவிர அங்கே ஒரே ஒரு ஸ்கூட்டர்தான் நின்றிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் 650 ரூபாயைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். பில் கேட்கவில்லை. என் முதல் முட்டாள்தனம் அது.

ஒரு வாரத்தில் வாசலில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறை. மறுநாள் அது பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வளர்ந்தது. திரும்பக் கொண்டுபோனேன். "வாஷர் பழையது சார், மாற்றிவிடுகிறேன்" என்று வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனவர், ஐந்து நிமிடத்தில் வெளியே கொண்டுவந்து 20 ரூபாய் வாங்கிக்கொண்டார். கறையும் நின்றது. எனக்கு மகிழ்ச்சி.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வாஷர் இருப்பது இஞ்சினின் அடியில் உள்ள டிரெய்ன் போல்டில். அதை மாற்ற வேண்டுமானால் போல்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் உள்ளே இருக்கும் ஆயில் முழுவதும் கொட்டும். அதைப் பிடிக்க ஒரு தட்டு வேண்டும், திரும்ப ஊற்ற ஒரு புனல் வேண்டும். ஐந்து நிமிடத்தில், ஒரு தட்டுகூட எடுக்காமல், அவர் எந்த வாஷரை மாற்றினார்?

அதற்கடுத்த இரண்டாவது ஞாயிறு, பண்ணாரி அம்மன் கோவிலுக்குக் கிளம்பினேன். அன்னூர் தாண்டி, புளியம்பட்டி வருவதற்கு முன் ஒரு வேகத்தடை. பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் பாம்பு போல ஒரு நெளி நெளிந்தது. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால் பின் டயரின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாக மினுங்கியது. அடியில் டிரெய்ன் போல்ட் சாய்ந்து, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பற்றோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. இந்த வகைச் சிறு வண்டிகளில் ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கிடையாது. நேர்ச் சாலையிலேயே போய்க்கொண்டிருந்தால், இஞ்சின் இறுகிப் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். அல்லது திம்பம் மலைப்பாதை வரை ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று நினைத்திருந்தேனே, அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் தெரிந்திருக்கும்.

குட்டியானைக்கு 1,200 ரூபாய். வண்டியை நேராகக் கோவையின் கணபதி பகுதியில் உள்ள ஒரு லேத் பட்டறையில் இறக்கினேன். பம்ப் செட்டு உதிரி பாகங்கள் கடைந்தே தலை நரைத்த பெரியவர் ஒருவர் நடத்துவது அது. ஞாயிறானாலும் திறந்து வைத்திருந்தார்.

"எந்த டாக்டர் பார்த்தது கண்ணு இதை?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

போல்டைக் கழற்ற ஸ்பேனரே தேவைப்படவில்லை, விரலாலேயே உருவி எடுத்துவிட்டார். அதைப் பழைய துணியில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். முதலில் ஒரு சாம்பல் நிற ஓடு உரிந்தது. குழாய் ஒழுகினால் அப்புவோமே, அந்த இரட்டைப் பசை. என் 20 ரூபாய் வாஷர் அதுதான். அதற்குக் கீழே, பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப் நான்கைந்து சுற்று. டேப்பை உரித்தால் போல்டே வண்டியுடையது அல்ல. என் வண்டிக்கு வருவது 12 மில்லிமீட்டர் போல்ட். இது 14 மில்லி. நுனியில் பள்ளம் வெட்டிய, தனக்குத்தானே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும் ரகம். அதன் பள்ளத்தில் வெள்ளி நூல் போல என் இஞ்சின் கேஸின் அலுமினியம் சுருண்டு கிடந்தது. மரை கழன்றவன் என்று ஆட்களைத்தான் திட்டியிருக்கிறேன். உண்மையில் மரை கழன்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நடந்தது என்ன என்பதைப் பெரியவர் துளையைப் பார்த்தே சொல்லிவிட்டார். போல்ட் எஃகு, கேஸ் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். அது நசுங்கி இறுகிப்போய் ஆயிலைக் கசிய விடும். கசிவை நிறுத்த ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். என்றைக்கோ ஒருநாள் "நச்" என்று மரை விட்டுக்கொடுக்கும். அதன்பிறகு போல்ட் எத்தனை சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்த அளவு டிரெய்ன் போல்டுக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ஒரு சாண் நீள ஸ்பேனரில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன அழுத்தமோ, அவ்வளவுதான். அதே ஸ்பேனரில் இரண்டடிக் குழாயைச் செருகி, அதே கையால் இழுத்தால் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். மூடிகளைப் பிடிக்கும் 6 மில்லி போல்டுகள் தாங்குவது இன்னும் குறைவு, சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இருந்தால் கணக்குப்படி நிறுத்தலாம். நான் பார்த்த தெருப் பட்டறைகளில் அது சுவரில் மாட்டிய சாமி படம் மாதிரி, இருந்தாலும் யாரும் தொடுவதில்லை.

மரை போவது ஒரு விபத்து. யார் கையிலும் நடக்கும், அதற்காக நான் இதை எழுதவில்லை. எழுதுவது அதற்குப் பிறகு நடந்ததற்காக.

மரை போன அலுமினியத் துளைக்கு நல்ல வைத்தியம் உண்டு. ஹெலிகாயில் என்று கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் சுற்றிய சிறு சுருள் அது. கம்பியின் வெட்டுமுகம் சாய்சதுரமாக இருக்கும். பழைய துளையை 12.4 மில்லிக்குத் துளைத்து, அதற்கென்றே உள்ள மரை வெட்டும் கருவியால் புது மரை வெட்டி, சுருளை உள்ளே திருகி இறக்குவார்கள். சுருளின் வெளிப்பக்கம் கேஸைப் பிடித்துக்கொள்ளும், உள்பக்கம் பழைய 12 மில்லி மரையாகவே நிற்கும். சரியாகப் போட்டால் எஃகு மரை, பழைய அலுமினிய மரையைவிடக் கெட்டி. பெரியவர் சொன்ன விலை: "அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் 500 ரூபாய் தம்பி, ஒரு மணி நேரம்."

இங்கேதான் என் வயிறு எரிந்தது. அந்தச் சுருள் உட்கார வெட்டும் மரையின் வெளி அளவு கிட்டத்தட்ட 14 மில்லி. அவர்கள் ஏற்கெனவே 14 மில்லி போல்டைக் கோணலாகச் செருகி அந்தச் சதையைத் தின்றுவிட்டார்கள். சுருள் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மறைப்பதற்காகச் செய்த வேலை, எளிய வைத்தியத்தின் கதவையே அடைத்துவிட்டது.

மிச்சம் இருந்த வழி புஷ் போடுவது, அதாவது துளையைப் பெரிதாக்கி, உள்ளும் புறமும் மரை உள்ள ஒரு எஃகு உறையைப் பொருத்துவது. அதற்கு முன் கேஸில் விரிசல் இல்லை என்று தெரிய வேண்டும். பெரியவர் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவினார். சிறிது நேரம் ஊறவிட்டு நன்றாகத் துடைத்தார். பிறகு ஒரு சாக்பீஸைச் சுரண்டி அந்த மாவை மேலே தூவிவிட்டு, "டீ குடித்துவிட்டு வரலாம்" என்றார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளை மாவில் கோடு போட்டுக் காட்டும். அந்த டீயின் ருசி எனக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது மாவு வெள்ளையாகவே இருந்தது.

இஞ்சினை இறக்கி, வெளியே 18 மில்லி, உள்ளே 12 மில்லி மரையோடு எஃகில் ஒரு புஷ் கடைந்து, பூட்டுப் பசை வைத்து இறக்கினார். மரை வெட்டும்போது வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டார், பிசிறு உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொள்ள. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்தார். பிறகு கிளட்ச் பக்க மூடியைத் திறந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். செலவை ஏற்றுகிறாரோ என்று ஒரு நொடி சந்தேகப்பட்டேன், மன்னிக்க வேண்டும். ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் வலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வலைக் கண்களில் பாதி அடைத்துக்கொண்டு, ஜிகினா தூவியதுபோல அலுமினியத் துகள். முந்தைய பட்டறையில் போல்ட் வெட்டியது அத்தனையும் உள்ளேதான் விழுந்திருந்தது. ஆயில் ஒழுகாமலே இருந்திருந்தாலும் இந்த வலை முழுவதும் அடைத்த நாளில் இஞ்சினின் மேல்பகுதிக்கு ஆயில் போயிருக்காது.

குட்டியானை 1,200. புஷ் 900. இஞ்சின் இறக்கி ஏற்றி, திறந்து, கழுவி, கேஸ்கெட் மாற்ற 1,500. ஆயில் 450. ஆக மொத்தம் 4,050 ரூபாய், 500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு.

மறுநாள் போல்டை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். "வண்டி வரும்போதே மரை போயிருந்தது சார்" என்றார் உரிமையாளர்.

"அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்றுதான்..."

நான் பயப்படக் கூடாது என்பதற்காக என்னைத் திம்பம் மலைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்.

வெளியே வந்து நின்றபோது, அங்கே வேலை செய்யும் பையன் பின்னாலேயே வந்தான். "அண்ணா, நான்தான் குழாய் போட்டு இறுக்கினேன். மரை போனதும் முதலாளியிடம் உடனே சொல்லிவிட்டேன். அவர்தான் பெரிய போல்ட் வாங்கிவரச் சொன்னார்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பட்டறையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். போல்டை முதலில் விரலால்தான் திருக வேண்டும். இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் "டக்" என்று மரை விழும், அங்கிருந்து வலப்பக்கம் நான்கைந்து சுற்று விரலுக்கே போக வேண்டும். எடுத்த எடுப்பில் ஸ்பேனரையோ காற்றழுத்தத்தில் போல்டை இறுக்கும் துப்பாக்கியையோ வைத்தால் தடுத்து நிறுத்துங்கள். புது வாஷரை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பத்து இருபது ரூபாய்தான். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி விளக்கில் அடியைப் பாருங்கள். போல்டைச் சுற்றி வெள்ளை டேப்போ சாம்பல் பற்றோ தெரிந்தாலும், தலை புதிதாகப் பெரிதாகத் தெரிந்தாலும், வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரை போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் தானாகவே வந்து சொன்னால் கத்தாதீர்கள். லேத் செலவில் பாதியை அவர் தலையில் கட்டலாம், ஆனால் அவரிடம் போவதை விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாத எனக்குக் கைகொடுத்தது பணம் அனுப்பிய பதிவும், லேத் பெரியவர் தன் ரசீதிலேயே எழுதிக் கொடுத்த இரண்டு வரியும்: "14 மி.மீ. போல்ட், பசை, டேப் இருந்தது. மரை முழுதும் அழிவு."

1915-இல் புகார் பதிந்த மூன்றாம் நாள் உரிமையாளரே போன் செய்தார். ஆயிரம் ரூபாய் தருகிறாராம். "அந்தப் போல்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் சார், மீதியைப் பேசிக்கொள்ளலாம்" என்றார்.

போல்ட் என் அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருக்கிறது, உரித்த டேப்போடு.