சான்போர்ன் வரைபடங்கள்: பழைய கடைவீதிகளைப் படிக்க ஓர் இலவசச் சேவை

அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றின் மையக் கடைவீதியில் நிற்கும் கட்டிடங்கள் எப்போது எழுந்தன, எந்தப் பொருளால் கட்டப்பட்டன, அவற்றுக்குள் என்னென்ன வணிகம் நடந்தது என்று ஆராய முற்படுகிறவர் முதலில் திறக்க வேண்டியது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத் தொகுப்பையே. கட்டிடத்தின் உடலைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசும் ஆவணம் வேறில்லை. ஆனால் கடைக்காரரின் பெயரையோ முகப்பின் அழகையோ தேடி வருபவருக்கு இது பெரும்பாலும் பதில் சொல்வதில்லை.

நில அளவையாளரான டேனியல் ஆல்ஃபிரட் சான்போர்ன் 1867இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம், ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஊர்களைக் கட்டிடம் கட்டிடமாக அளந்து வரைந்தது. வரலாற்றாசிரியர்களுக்காக அது இந்த வேலையைச் செய்யவில்லை. தொலைவிலுள்ள அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் காப்பீட்டு அதிகாரி, எந்தக் கடை எளிதில் தீப்பற்றும், பற்றினால் பக்கத்துக் கடைக்குப் பரவுமா என்று பார்த்துப் பிரீமியத்தை நிர்ணயிக்கவே இவை வரையப்பட்டன. ஊரைப் புகழ வேண்டிய தேவை இல்லாத இந்த வரைபடங்களை, அதே காலத்து விளம்பர மலர்களைவிட நான் அதிகம் நம்புகிறேன். பல ஊர்களின் முதல் தாளில் மக்கள்தொகை, காற்று வழக்கமாக வீசும் திசை, தண்ணீர் வசதி, தீயணைப்பு வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவை சுருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் அந்தச் சில வரிகளே, அந்த ஊர் தன் கடைவீதியைத் தீயிலிருந்து காக்க எவ்வளவு ஆயத்தமாக இருந்தது என்பதைக் காட்டிவிடும்.

ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்பது வழக்கமான அளவுகோல். ஆகவே 25 அடி அகலக் கடை தாளில் அரை அங்குலமாகத் தெரியும். இளஞ்சிவப்பு செங்கல்லையும், மஞ்சள் மரச்சட்டக் கட்டிடத்தையும், நீலம் கல்லையும், சாம்பல் நிறம் உலோகத்தையும் குறிக்கின்றன. மஞ்சள் பரப்பைச் சுற்றி இளஞ்சிவப்பு விளிம்பு ஓடினால், உள்ளே மரச்சட்டமும் வெளியே ஒற்றை அடுக்குச் செங்கல் போர்வையும் கொண்ட கட்டிடம் என்று பொருள். தெருவில் நின்று பார்ப்பவர் முழுச் செங்கல் என்று நம்பிவிடக்கூடிய சுவரை இந்த மெல்லிய கோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாடிகளின் எண்ணிக்கை எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். கூரை மீது சிறு பெருக்கல் குறி இருந்தால் மரச்சில்லு வேய்ந்தது, சிறு வட்டம் இருந்தால் ஸ்லேட் அல்லது தகரம். நூலகம் தாள்களை வண்ணத்திலேயே வருடி, பெரிதாக்கிப் பார்க்கவும் உயர்தரக் கோப்பாகப் பதிவிறக்கவும் தருவதால், இந்தக் குறிகளைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறது.

வணிக வரலாற்றுக்கு வரும்போது, ஒரே ஊரின் அடுத்தடுத்த பதிப்புகளை வரிசையாகத் திறந்து வைப்பதில்தான் பயன் இருக்கிறது. கடை, மளிகை, துணிமணி, காலணி, மருந்து என ஒவ்வொரு பயன்பாடும் சுருக்கெழுத்தில் இருக்கும்; காலியாகக் கிடந்த கடையும் அவ்வாறே குறிக்கப்பட்டிருக்கும். குதிரை லாயம் இருந்த இடத்தில் அடுத்த பதிப்பு மோட்டார் கொட்டகையைக் காட்டுவதும், சாராயக்கடை 1920இல் தொடங்கிய மதுவிலக்குக்குப் பின் குளிர்பானக் கடையாக மாறியிருப்பதும், கீழே மளிகையும் மேலே ஏதேனும் சகோதரத்துவச் சங்கத்தின் கூடமும் இருந்த செங்கல் கட்டிடத்தில் ஒரு நாள் திரைப்படக் காட்சி நுழைவதும், இந்தத் தாள்களில் மீண்டும் மீண்டும் காணக் கிடைக்கும் மாற்றங்கள். தெருவெண்கள் மாற்றப்பட்ட ஊர்களில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே அச்சிட்டிருப்பது, முகவரியைத் தொடர்ந்து செல்பவருக்குப் பேருதவி.

காலக்கணிப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. 1892 பதிப்பில் வெற்று மனையாக இருந்தது 1898 பதிப்பில் இருமாடிச் செங்கல் கட்டிடமாகத் தெரிந்தால், இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் எழுந்தது என்று சொல்லலாம். அதைத் தாண்டி ஓர் ஆண்டைச் சுட்டுவது ஊகம். இரண்டு பதிப்புகளிலும் ஒரே அளவுள்ள இளஞ்சிவப்புச் சதுரம் இருப்பதாலேயே அது அதே கட்டிடம் என்று முடிவு செய்வதும் ஆபத்து, ஏனெனில் எரிந்துபோன கடைக்குப் பதிலாக அதே அடித்தளத்தில் புதியது எழுந்திருக்கலாம். பிற்காலத் தாள்களில் நிறுவனம் திருத்தச் சீட்டுகளை அச்சிட்டு அனுப்பிப் பழைய வரைபடத்தின் மேலேயே ஒட்டச் செய்தது. அத்தகைய பிரதியில் தலைப்பிலுள்ள ஆண்டை நம்பாமல், கடைசித் திருத்தத்தின் தேதியைப் பார்க்க வேண்டும்.

தேடும் வசதி இந்தச் சேவையின் பலவீனம். மாநிலம், மாவட்டம், ஊர், ஆண்டு என வடிகட்டிச் செல்வது எளிதுதான், ஆனால் தாளுக்குள் எழுதப்பட்ட சொற்களைத் தேட இயலாது. முதல் தாளிலுள்ள தெருப் பெயர் அட்டவணையைக் கண்ணால் துழாவி, உரிய தாளின் எண்ணைக் கண்டுபிடித்துத்தான் போக வேண்டும். மிகச் சிறிய ஊர்களின் தொடக்கப் பதிப்புகள் கடைவீதியை மட்டுமே உள்ளடக்கியவை என்பது நம் தேவைக்கு நல்லதாகவே அமைகிறது.

முகப்பு என்று வந்தால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். செயின்ட் லூயிஸிலிருந்த மெஸ்கர் பிரதர்ஸும் இண்டியானாவின் எவன்ஸ்வில்லிலிருந்த ஜார்ஜ் எல். மெஸ்கர் நிறுவனமும் அச்சழுத்திய துத்தநாகம் பூசிய தகட்டு முகப்புகளை அட்டவணைப் புத்தகம் மூலம் விற்று, ரயிலில் ஊர் ஊராக அனுப்பின; பல கடைகளின் வார்ப்பிரும்புத் தூண் அடியில் அவற்றின் பெயர்த்தகடு இன்றும் இருக்கிறது. அந்த அலங்காரத்தின் வடிவத்தையோ, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை மூடி அறையப்பட்ட அலுமினியத் திரையையோ வரைபடம் வரைந்து காட்டாது. அவற்றுக்குப் பழைய புகைப்படமும் நேரடிப் பார்வையுமே துணை. கடைக்காரர்களின் பெயர்களுக்கு, அதே நூலகம் தேசிய மனிதநேயவியல் நிதியத்துடன் இணைந்து நடத்தும் ‘குரோனிக்கிளிங் அமெரிக்கா’ நாளிதழ்த் தொகுப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே சொல் தேடல் உண்டு, அச்செழுத்தைக் கணினி தவறாகப் படித்ததால் வரும் எழுத்துணரிப் பிழைகளும் தாராளமாக உண்டு.

சந்தா கட்டும் நூலகங்கள் வழியே கிடைக்கும் இன்னொரு சான்போர்ன் சேவை, நுண்படச் சுருளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதிகளைத் தருகிறது. அங்கே செங்கல்லும் மரமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவதால், காங்கிரஸ் நூலகத்தில் இல்லாத பதிப்பு தேவைப்படும்போது மட்டுமே அதை நாடுவேன்.