பாலில் பூஞ்சை நஞ்சைக் காட்டும் பட்டை: வாங்கலாமா?

பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் இருக்கும், கொழுப்பு பார்க்கும் கருவி இருக்கும், யூரியாவுக்கும் சோடாவுக்கும் நிறம் மாறும் திரவம் இருக்கும். இவை எல்லாம் பாலில் யாரோ கலந்ததைப் பிடிப்பவை. அஃப்ளாடாக்சின் எம்1 யாரும் கலப்பதில்லை. புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை விட்டுச்சென்ற பி1 நஞ்சு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, கல்லீரல் அதை எம்1 ஆக மாற்றுகிறது, மடி அதைப் பாலோடு வெளியே தள்ளுகிறது. எம் என்பது மில்க்கின் முதலெழுத்துதான். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காய்ச்சினாலும் பாஸ்டுரைஸ் செய்தாலும் அசையாது. பாலிலுள்ள கேசின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பனீரில் இன்னும் செறிவாகும், நெய்யில் சொற்பமே போகும்.

இதற்கென்று ஒரு சோதனைப் பெட்டி வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 2018 தேசியப் பால் ஆய்வின் கணக்கே போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் எடுத்த 6,432 மாதிரிகளில் உடலுக்குக் கேடான கலப்படம் 12-இல்தான் இருந்தது. எம்1 வரம்பை மீறியவை 368. அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலந்தானா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணுக்கு முன்னால் புண்ணாக்கு மூட்டை வழியாக வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது.

பல பெயர்களில் விற்கும் பெட்டிகளில் அதிகம் புழங்குவது கிண்ணமும் பட்டையும் சேர்ந்த வகை. இங்கே பேசுவது அதைத்தான். திறந்தால் விரல்நுனி அளவுச் சிறு கிண்ணங்கள், அடியில் உலர்ந்த சிவப்புப் பொடி, மூடிய குப்பியில் பட்டைகள், கூடவே சிலிக்கா ஜெல். 40 டிகிரியில் வைக்கும் சின்ன இன்குபேட்டரும் 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டும் பெரும்பாலும் தனி விலை. இதைக் கேட்காமல் ஆர்டர் போட்டால் பெட்டி வந்த பிறகும் வேலை தொடங்காது.

செய்முறை சுலபம். கேனை நன்றாகக் கலக்கி எடுத்த பாலில் 200 மைக்ரோலிட்டரைக் கிண்ணத்தில் விட வேண்டும். பிப்பெட்டாலேயே ஐந்து முதல் பத்து முறை உறிஞ்சி விட்டு, பொடி முழுக்கக் கரைந்து பால் ஒரே சீரான இளஞ்சிவப்பாக வரும்வரை கலக்க வேண்டும். 40 டிகிரியில் சில நிமிடம் வைத்து, பிறகு பட்டையை இறக்கி, மீண்டும் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். நிமிடக் கணக்கு பெட்டிக்குப் பெட்டி மாறும். பழைய பெட்டியின் கணக்கைப் புதியதற்குப் போடக் கூடாது. வெளியே எடுத்ததும் அடியிலுள்ள ஈரப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் படிக்க வேண்டும்.

படிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு வந்தால் 'இருக்கிறது' என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். அந்தச் சிவப்புப் பொடி, தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருள். பாலில் எம்1 இருந்தால் அது எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும், டி என்ற சோதனைக் கோட்டில் போய் ஒட்ட ஆள் இருக்காது. பட்டை வேலை செய்ததா என்று காட்டுவது சி கோடு. ஆகவே டி கோடு சி கோட்டைவிட அழுத்தமாக இருந்தால் பால் வரம்புக்குள். டி மங்கினாலோ காணாமல் போனாலோ நஞ்சு அதிகம். இரண்டும் ஒரே அழுத்தம் என்றால் சந்தேகப் பால் என்று எடுத்து, அதே பாலில் இன்னொரு பட்டை போட வேண்டும். சி கோடே வரவில்லையென்றால் அந்தப் பட்டை செல்லாது, அதை வைத்து எதையும் சொல்லக் கூடாது. சங்கத்து மஞ்சள் பல்பின் கீழே இளஞ்சிவப்பு சரியாகத் தெரியாது. வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அல்லது வெள்ளை எல்இடி வையுங்கள். குறித்த நேரம் தாண்டிப் பட்டை காய்ந்தபின் கோட்டின் அழுத்தம் மாறிவிடும். காலையில் போட்டதை மதியம் மேலாளருக்குக் காட்டி விவாதிப்பதில் பயனில்லை. உடனே செல்பேசியில் படம் எடுத்து, கேன் எண்ணோடு வைத்துக்கொள்வது நல்லது.

தவறு நடக்கும் இடங்களில் முதலாவது பாலின் சூடு. குளிர்விப்புத் தொட்டியிலிருந்து 4 டிகிரியில் எடுத்த பாலை அப்படியே கிண்ணத்தில் விட்டால், எதிர்ப்பொருள் நஞ்சைப் பிடிக்கும் வேகம் குறையும். சில நிமிடம் போதாமல் டி கோடு நன்றாகவே விழுந்து, கெட்ட பால் நல்ல பாலாகத் தெரியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே போட வேண்டும். இதைப் பெட்டியோடு வரும் தாள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது, கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டிய விஷயம். அடுத்தது புளிப்பு. திரியத் தொடங்கிய பால், சீம்பால், மடிநோய் மாட்டுப் பால் மூன்றும் பட்டையில் ஏறாமல் பாதியில் நின்றுவிடும். ஆடை மிதக்கும் பாலும் அப்படியே. பிப்பெட் நுனியை மாற்றாமல் அடுத்த கேனுக்குப் போவது, குப்பியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது இரண்டும் மழைக்காலத்தில் ஒரு பெட்டியையே வீணாக்கும். குப்பியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறந்தாலும் உள்ளே வேர்த்துவிடும். ஃபிரீசரில் வைக்கவே கூடாது.

விற்பனையாளர்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பட்டைகள் இரண்டு வரம்புகளுக்கு வருகின்றன. இந்தியாவில் சட்ட வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 0.05, பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பிய வரம்புக்குச் செய்த பெட்டியை 'அதிக நுண்ணுணர்வு' என்று சொல்லி விற்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மூர்ச் சங்கத்தில் அதைப் போட்டால், சட்டப்படி சரியான பாலுக்கும் டி கோடு மங்கும். உற்பத்தியாளரோடு சண்டைதான் மிச்சம். பெட்டியின் மேல் 0.5 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றுமதிக்குப் பால்பவுடர் செய்பவர்களுக்கு மட்டும் மற்றது.

பட்டை ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அளவு கொஞ்சமாவது தெரிய ஒரு வழி இருக்கிறது. வரம்பு மீறிய பாலில் பாதியும், முன்பே சோதித்து எம்1 அறவே இல்லையென்று உறுதியான பாலில் பாதியும் கலந்து மீண்டும் போடுங்கள். இப்போது தேறினால் மூலப்பாலில் 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருந்தது. அப்போதும் மங்கினால் அதற்கும் மேல். தண்ணீரால் நீர்த்தால் பட்டையின் ஓட்டமே மாறிவிடும், கணக்கு நிற்காது. கலந்தால் நஞ்சின் அளவு குறையும் என்பதால், ஐந்து கேன் பாலை ஒன்றாகக் கலந்து ஒரே பட்டையில் பார்த்து எல்லாக் கேனும் சரி என்று சொல்லவும் முடியாது. 1.2 உள்ள ஒரு கேன், நஞ்சே இல்லாத நான்கு கேனோடு சேர்ந்தால் 0.24 ஆகித் தேறிவிடும்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு மனக்கணக்கு கையில் இருப்பது நல்லது. தின்ற பி1-இல் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் பாலில் எம்1 ஆக இறங்கும், நிறையக் கறக்கும் மாட்டில் 6 சதவீதம்வரை போகலாம். இந்தியத் தர நிறுவனத்தின் கலப்புத் தீவன வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1. அப்படிப்பட்ட தீவனம் 4 கிலோ தின்றால் 80. அதில் 2 சதவீதம் 1.6. பத்து லிட்டர் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு 0.16, பரவாயில்லை. அதே மாட்டுக்கு மழையில் நனைந்து காய்ந்த கடலையை ஆட்டிய புண்ணாக்கு, கிலோவுக்கு 200 உள்ளது, 3 கிலோ ஊறவைத்துக் கொடுத்தால் 600-இல் 12, லிட்டருக்கு 1.2. பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கும் ஈரம் காயாமல் குவித்த மக்காச்சோளத்துக்கும் இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் சிமெண்ட் தரையில் நேரடியாக அடுக்கிய மூட்டையின் அடிப்பக்கத்தைக் கிழித்துப் பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கும். அந்தக் கட்டியை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதால் நஞ்சு போவதில்லை, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அது இருக்கும்.

பட்டையின் உண்மையான உபயோகம் இங்கேதான். கெட்ட தீவனம் தின்ற ஒரு நாளுக்குள் பாலில் எம்1 தெரியத் தொடங்கும். நிறுத்தினால் மூன்று, நான்கு நாளில் இறங்கிவிடும். ஆகவே சந்தேக மூட்டையை நிறுத்தி, ஐந்தாம் நாள் அதே மாட்டின் பாலைப் பார்த்தால் மூட்டைதான் காரணமா என்று தெரிந்துவிடும். களிமண் வகை நஞ்சு உறிஞ்சிகளைத் தீவனத்தில் கலந்து தப்பிக்கலாம் என்று சொல்வார்கள். அது குறைக்கும், கெட்ட புண்ணாக்கை நல்லதாக்காது.

இரண்டு மாடு வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டாம். ஒரு பட்டையின் விலை ஒரு லிட்டர் பாலின் விலையைவிடப் பல மடங்கு, அந்தக் காசுக்கு மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போடலாம். கூட்டுறவுக் குளிர்விப்பு மையம், பனீர், தயிர் செய்பவர்கள், ஐம்பது மாட்டுப் பண்ணை, இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். தினமும் எல்லாக் கேனுக்கும் அல்ல: வாரத்துக்கு ஒருமுறை தொட்டிப் பாலுக்கு, புதுத் தீவன லோடு வந்த இரண்டாம் நாள், தொட்டி மங்கினால் மட்டும் கேன் கேனாக.

பட்டை மங்கியதை வைத்து ஒருவரின் பாலைத் திருப்பி அனுப்பும் முன் நஞ்சின் அளவைக் காட்டும் எச்பிஎல்சி என்ற ஆய்வக முறையில் உறுதி செய்ய வேண்டும். பாலில் 100 மில்லி எடுத்து உறைய வைத்து, வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கூடவே தீவனத்திலும் ஒரு கிலோ போகட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்துக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. மாதிரியை மூட்டையின் மேல்வாயிலிருந்து மட்டும் அள்ளாமல், நான்கைந்து மூட்டைகளில் மேல், நடு, அடி மூன்றிலும் குத்தி எடுத்துக் கலந்து அனுப்புங்கள். நஞ்சு மூட்டை முழுக்க ஒரே அளவில் பரவுவதில்லை.