விலை நோட்டு: பல வருடங்கள் எழுதிப் பார்த்த அனுபவம்

சிக்கனமாகப் பொருள் வாங்க நான் முயன்ற வழிகளில் கூப்பன் ஆப், கேஷ்பேக், பாயின்ட் கார்டு எல்லாம் வந்தன, போயின. இன்றும் கையில் நிற்பது விலை நோட்டு ஒன்றுதான். வழக்கமாக வாங்கும் பொருட்களின் விலையை எழுதி வைக்கும் நோட்டு. முதலில் காகித நோட்டாக இருந்தது, இப்போது போனில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். பல வருடங்களாக இதை விடாமல் வைத்திருக்கிறேன். எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று ஓரளவு நிதானமாகச் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

இதை வரவு செலவுக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாதம் எவ்வளவு செலவானது என்பது இதில் தெரியாது. ஒரு பொருளுக்கு வழக்கமாக என்ன விலை, இதுவரை பார்த்ததிலேயே குறைந்த விலை எது, இந்த இரண்டும்தான் தெரியும். இவ்வளவு போதுமா என்றால், போதும். கடையில் "இவ்வளவு மிச்சம்" என்று பலகை வைக்கும்போது, எந்த விலையோடு ஒப்பிட்டு மிச்சம் என்று விற்பவர்தான் முடிவு செய்கிறார். நோட்டு கையில் இருந்தால் ஒப்பிட நம்மிடமே ஒரு எண் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இதனால் கிடைத்த பலன்களில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, பொருள், பாக்கெட்டின் அளவு, கொடுத்த விலை, வாங்கிய இடம், அலகு விலை என்று எழுதுகிறேன். அலகு விலை என்றால் கிலோவுக்கு, லிட்டருக்கு, ஒன்றுக்கு எவ்வளவு என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று, விற்பனை விலையோடு அலகு விலையையும் கடைகள் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009 முதல் இப்படி விதி உண்டு. விதி இல்லாத இடத்தில் போனில் ஒரு வகுத்தல் போட்டால் முடிந்தது. பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற நம்பிக்கை இந்த வகுத்தலில் அடிக்கடி உடைகிறது. நடுத்தர பாக்கெட்டுக்குச் சலுகை ஓடும் வாரத்தில் பெரிய பாக்கெட்தான் விலை அதிகம்.

ஆனால் எதை அலகாக எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சலவைத்தூளைக் கிலோ கணக்கில் ஒப்பிட்டால் பதில் தவறாக வரும். அடர்த்தியான தூளின் கிலோ விலை சாதாரணத் தூளைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். ஒரு சலவைக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே போட வேண்டியிருந்தால் அதுதான் மலிவு. அதனால் சலவைத்தூளுக்கு என் நோட்டில் அலகு "ஒரு சலவை". டிஷ்யூ பேப்பருக்கு ரோல் எண்ணிக்கை பயன்படாது, தாள்களின் எண்ணிக்கை வேண்டும். வலி மாத்திரைக்கு மூலமருந்தின் மில்லிகிராம். பெட்டி மேலே பெரிய எழுத்தில் எந்த வணிகப் பெயர் இருந்தாலும், சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால், அவற்றின் விலையைத் தாராளமாக ஒப்பிடலாம். பேட்டரிக்கு அலகே பயன்பாட்டைப் பொறுத்து மாறும். தினமும் பயன்படும் விளையாட்டுப் பொருளுக்கோ டார்ச்சுக்கோ நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரி சீக்கிரமே போட்ட பணத்தை மீட்டுத் தரும். ஒரே பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்கு அதை வாங்குவதில் பயன் இல்லை.

அடுத்தது, அளவு குறைவது. விலை அப்படியே இருக்கும், பாக்கெட்டும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், உள்ளே எடை மட்டும் இறங்கியிருக்கும். ஒரு கிலோவாக இருந்தது 900 கிராம் ஆனால் 10% குறைந்தது என்று தோன்றும். உண்மையில் கிலோ விலை 11 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். நோட்டில் எடைக்கென்று ஒரு கட்டம் இருந்தால், பழைய வரியும் புதிய வரியும் அடுத்தடுத்து நிற்கும்போது தானாகத் தெரியும். பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல், அளவு குறைந்து அலகு விலை ஏறிய பொருட்களுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அதை அறிவிக்க வேண்டும் என்று ஆணையே வந்தது. அப்படி ஒரு விதி எல்லா இடத்திலும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கூட்டிய விலையைச் சொல்லிவிட்டுக் கூட்டினால் வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். சொல்லாமல் குறைப்பது அந்த வாய்ப்பைப் பறிக்கிறது.

சரி, தள்ளுபடிக்கு வருவோம். அடித்துப் போட்ட பழைய விலையைப் பார்த்தவுடன் மனது அதைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் கண்ணில் படும் எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் என்று ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இலேயே எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே மாதத்திலிருந்து ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். விலை நோட்டு எனக்குச் செய்வது அதே வேலைதான், கொஞ்சம் நீண்ட காலத்துக்கு. பல பொருட்களின் விலை ஒரு சுற்றில் ஏறி இறங்குவது தெரியத் தொடங்கும். இந்தப் பொருள் சில வாரங்களுக்கு ஒருமுறை இறங்கும், இது வருடத்தில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் இறங்கும் என்று பழகிவிடும். அப்புறம் "இன்று மட்டும்" என்ற பலகை அவ்வளவாகப் பதற வைப்பதில்லை.

இணையத்தில் வாங்குவதற்கு இந்த வேலையைச் செய்யும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அமேசானில் ஒரு பொருளின் விலை எப்படி ஏறி இறங்கியது என்பதைக் கீப்பா, கேமல்கேமல்கேமல் ஆகியவை வரைபடமாகக் காட்டும். பெரிய விற்பனை நாளுக்கு முன்னால் விலை ஏறி, அன்றைக்கு இறங்கியதா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். நமக்கு வேண்டிய விலையைக் குறித்து வைத்தால், அந்த விலைக்கு வரும்போது அறிவிப்பும் வரும். அப்படி அறிவிப்பு வைத்துவிட்டு மறந்துவிடுவது எனக்கு மிகவும் ஒத்துவந்த வழக்கம். காத்திருக்கும் நாட்களில் அந்தப் பொருள் தேவையே இல்லை என்று தெரிந்துபோவதும் உண்டு.

சலுகைகளின் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். "20% கூடுதல்" என்பது 20% தள்ளுபடி ஆகாது, 16.7 சதவீதம்தான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் 33%, அதுவும் மூன்றையும் பயன்படுத்தினால். "இரண்டாவது பாதி விலை" 25%. "50 சதவீதத்துக்கு மேல் இன்னும் 20%" என்பது 70 அல்ல, 60. கடையில் நின்றுகொண்டு யோசிக்கும்போது எல்லாமே பெரிதாகத் தெரியும். எழுதி வைத்திருந்தால் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

பெரிய பொருட்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் உண்டு. அங்கே அலகு "ஒரு வருடம்". வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பழுதுச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை வருடம் உழைக்கும் என்ற எண்ணால் வகுப்பது. பிரிண்டர் இதற்குச் சரியான உதாரணம். இயந்திரம் மலிவாக இருக்கும், மை விலை கடிக்கும். ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் வரும் என்பதை அளக்க உலகப் பொதுவான ஐஎஸ்ஓ தரமுறை இருக்கிறது, அந்த எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்கள் தருகின்றன. கார்ட்ரிட்ஜ் விலையை அதனால் வகுத்தால் ஒரு பக்கத்தின் விலை வரும். நிறைய அச்சிடுபவருக்கு, விலை கூடுதலான மைத்தொட்டி பிரிண்டரே கடைசியில் மலிவாக முடியலாம். எப்போதாவது அச்சிடுபவருக்கு லேசர் நல்லது. மையைத் தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் தன் அச்சுத் தலையைச் சுத்தம் செய்யவே மையைச் செலவழிக்கும், லேசரில் இருப்பது பொடி, காய்ந்துபோக மை கிடையாது.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கும்போது ஆற்றல் லேபிளில் நட்சத்திரத்தையோ எழுத்தையோ விட, வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற எண்ணைத்தான் எழுதிக்கொள்கிறேன். இரண்டு ஃபிரிட்ஜுக்கு நடுவில் வருடத்துக்கு 100 யூனிட் வித்தியாசம் என்றால் 12 வருடத்தில் 1,200 யூனிட். உங்கள் மின் கட்டணத்தால் பெருக்கினால், விலை அதிகமான ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது வந்துவிடும். சிறிய பொருளிலும் இதே கணக்குதான். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி, 1,000 மணி நேரத்தில் 51 யூனிட்டை மிச்சப்படுத்துகிறது.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற கேள்வியையும் அந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பிரான்ஸில் 2021 முதல் சில மின்சாதனங்களுக்குப் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் போட்டுக் காட்டத் தொடங்கினார்கள். அந்த மதிப்பெண்கள் எங்கிருந்து தேடினாலும் கிடைக்கும், அதே மாடலை வேறு நாட்டில் வாங்குபவருக்கும் உதவும். போனுக்கு நான் பார்க்கும் எண், மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் எத்தனை வருடம் வரும் என்பது. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் வெளியான நாளிலிருந்து 7 வருடம் தருவதாக அந்நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. விலையை மீதமுள்ள வருடங்களால் வகுத்தால், ஒரு வருடம் பழைய நல்ல போன் புதிய மலிவு போனை முந்துவதைப் பலமுறை பார்க்கலாம்.

தவணைக்கும் அதே பக்கத்தில் இடம் உண்டு. நிலையான வட்டி 10% என்று சொல்லி 12 மாதத் தவணை கொடுத்தால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தும் முழு அசலுக்கும் வட்டி கட்டுகிறோம். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறத்தாழ 18% வட்டி. வட்டியே இல்லாத தவணை என்றால், மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மொத்தமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும், தவணைக்கான செயலாக்கக் கட்டணமும் சேர்ந்ததுதான் அந்தத் தவணைக்கு நாம் உண்மையில் கொடுக்கும் விலை.

1981-இல் அதே ட்வெர்ஸ்கியும் கானமனும் ஒரு கேள்வி கேட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டர் 20 நிமிட தூரத்தில் உள்ள கிளையில் 5 டாலர் குறைவு, போவீர்களா? 68% பேர் போவோம் என்றார்கள். கால்குலேட்டர் விலை 125 டாலர் என்று மாற்றிக் கேட்டபோது, அதே 5 டாலருக்காகப் போவதாகச் சொன்னவர்கள் 29% பேர்தான். சின்னப் பொருளில் அலைகிறோம், பெரிய பொருளில் அதே தொகையை விட்டுவிடுகிறோம். என் நோட்டில் சதவீதத்துக்குக் கட்டமே இல்லாததற்கு இதுதான் காரணம். மிச்சமான தொகை மட்டும்தான் எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. தொடங்கிய முதல் சில மாதங்கள் பலன் எதுவும் தெரியாது, ஒப்பிட வரிகள் சேர வேண்டும். எல்லாப் பொருளையும் எழுதப் போனால் நிச்சயம் விட்டுவிடுவீர்கள். திரும்பத் திரும்ப வாங்குபவற்றில் செலவு அதிகமானவற்றை மட்டும் எழுதுங்கள். துணிக்கு இது உதவவே இல்லை, ஒரு சட்டை இன்னொரு சட்டைக்குச் சமம் என்று எழுத முடியாது. விலைவாசி ஏறும் காலத்தில் பழைய வரிகள் வழிதவறச் செய்யும். ஒரு வருடத்துக்கு முந்தைய குறைந்த விலைக்காகக் காத்திருந்தால் பொருளே வாங்க முடியாது, அதனால் பழைய வரிகளைச் சாம்பல் நிறமாக்கி விடுகிறேன். தரமும் எண்ணில் அடங்காது. "சீக்கிரம் கிழிந்தது", "பாதியில் கட்டிதட்டியது" என்று ஓரத்தில் எழுதிய குறிப்புகளை எத்தனையோ முறை விலையை விட மேலாக நம்பியிருக்கிறேன்.

கடைசியாகச் சேர்த்த கட்டம், பாக்கெட் தீர்ந்த தேதி. விலை இறங்கும்போது எவ்வளவு வாங்கி வைப்பது என்று முன்பெல்லாம் உத்தேசமாகத்தான் முடிவு செய்தேன். இப்போது ஒரு பாக்கெட் எத்தனை வாரம் வருகிறது என்பது தெரியும். அடுத்த இறக்கம் எத்தனை வாரத்தில் வரும் என்பதும் மேல் வரிகளில் இருக்கிறது. அந்த இடைவெளிக்குத் தேவையானதை மட்டும், காலாவதி தேதியைப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.