பந்தயக் குதிரையின் மூட்டுக்கு எந்த ஊசி: ஸ்டீராய்டா, ஐராப்பா, பிஆர்பியா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கும். ஓடுவது பெரும்பாலும் தார்ச்சாலையில். லாடம் கட்டிய குளம்பு தாரில் மோதும் அதிர்ச்சி, குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டிலும் முழங்காலிலும் போய் இறங்குகிறது. அங்கே வீங்கி, குதிரை நொண்ட ஆரம்பித்தால் மூட்டுக்குள் ஊசி போடும் பேச்சு வரும். பழைய ஸ்டீராய்டுக்குப் போட்டியாக, குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் ஐராப், ஏபிஎஸ், பிஆர்பி என்ற மருந்துகள் இன்று இருக்கின்றன.

ஸ்டீராய்டின் பலம் வேகமும் மலிவும். சில நாட்களில் நொண்டல் அடங்கிவிடும். ஆனால் எல்லா ஸ்டீராய்டும் ஒன்றல்ல. மெத்தில்பிரெட்னிசோலோன் குருத்தெலும்பைக் கெடுக்கக்கூடியது. டிரையாம்சினோலோன் அந்த விஷயத்தில் மேல். கல்யாணச் சாரட்டுக்கு மட்டும் போய்விட்டு மற்ற நாளெல்லாம் தின்றுகொண்டே நிற்கும் கொழுத்த குதிரை என்றால் எந்த ஸ்டீராய்டையும் யோசித்துத்தான் போட வேண்டும். இன்சுலின் கோளாறு உள்ள குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி வரும் அபாயம் இருக்கிறது. எனக்குள்ள பெரிய பயம் வேறு. "ஊசி போட்டாச்சு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாமா டாக்டர்?" என்ற கேள்விதான் அது. வலி மறைந்த மூட்டு ஆறிய மூட்டு ஆகாது.

ஐராப் வேறு வழியில் வேலை செய்கிறது. குதிரையின் ரத்தத்தைக் கண்ணாடி மணிகள் உள்ள சிரிஞ்சில் எடுத்து, 37 டிகிரியில் ஏறக்குறைய 24 மணி நேரம் வைக்கிறார்கள். மூட்டு அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தைத் தடுக்கும் பொருள் அதில் பெருகும். பிறகு சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, பல ஊசிகளாகப் பங்கிட்டு உறையவைக்கலாம். வழக்கமாக வாரம் ஒன்றாக 3 முதல் 5 ஊசி. ஆய்வுக்காகவே மூட்டுத் தேய்மானத்தை உண்டாக்கிய குதிரைகளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் நொண்டல் குறைந்தது. சிக்கல், ஒரு முறையோடு முடியாத வேலை என்பதுதான். இன்குபேட்டர் வேண்டும், கரன்ட் போனாலும் குளிர் விடாத ஃப்ரீசர் வேண்டும், வாராவாரம் மருத்துவரும் வேண்டும்.

அந்த அலைச்சலைக் குறைக்க வந்தது ஏபிஎஸ், அதாவது குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதக் கரைசல். சுமார் 60 மில்லி ரத்தம் எடுத்து, இரண்டு முறை சுழற்றி, அரை மணிக்குள் ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். 40 குதிரைகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் 14 நாளில் நடை தேறியது; எலும்பு முள் அதிகம் வளராத மூட்டுகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. இதற்கென்றே உள்ள கிட் இல்லாமல் இது நடக்காது.

பிஆர்பி, அதாவது தட்டணுக்களைச் செறிவாக்கிய பிளாஸ்மா, பலரும் கேள்விப்பட்ட பெயர். மனிதர்களுக்குச் செய்யும் ஆய்வுக்கூடத்திலேயே குதிரைக்கும் சுழற்றித் தரலாமே என்று தோன்றும். வேண்டாம். குதிரையின் சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு மிக வேகமாக அடியில் இறங்கிவிடும். மனித ரத்தத்துக்கான கணக்கு அப்படியே பொருந்தாது. அப்புறம், பிஆர்பியின் பெயர் நிலைத்தது தசைநாண், தசைநார்க் காயங்களில். மூட்டுக்குப் போடுவதானால் வெள்ளையணு குறைந்த வகையைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். வெள்ளையணு கூடினால் மூட்டில் எரிச்சல் கூடும்.

என் தேர்வு: இளம் குதிரை, புதிய வீக்கம், எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றால் ஐராப். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் இந்த வசதி உண்டா என்று முதலில் விசாரித்துவிட்டுக் குதிரையை ஏற்றுங்கள். வாராவாரம் போய்வர முடியாது, கிட்டும் கிடைக்கிறது என்றால் ஏபிஎஸ். இரண்டுக்கும் வழியில்லாத ஊரில் டிரையாம்சினோலோன் ஒரு முறை, அதன்பின் கட்டாய ஓய்வு. குருத்தெலும்பு தேய்ந்துபோன கிழக் குதிரைக்கு ரத்த மருந்துகளில் காசைக் கொட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

எதைப் போட்டாலும் முதல் ஓரிரு நாள் லேசான வீக்கம் வரலாம். ஆனால் குதிரை காலை ஊன்றவே மறுத்து, மூட்டு சுட்டு, காய்ச்சலும் அடித்தால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.