‘ஹெவன்ஸ் கேட்’ ப்ளூ-ரே: படம் முழுசாக இருக்கிறது, அதற்குக் கொடுத்த விலையின் கதை இல்லை

மைக்கேல் சிமினோ இயக்கிய ‘ஹெவன்ஸ் கேட்’ என்ற 1980 ஹாலிவுட் படத்தை 2012-ல் க்ரைட்டீரியன் நிறுவனம் இரண்டு டிஸ்க் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. வாங்கும் முன் உங்கள் பிளேயரைப் பாருங்கள். ப்ளூ-ரே டிஸ்க்குகளை உலகப் பகுதிவாரியாக ரீஜன் ஏ, பி, சி என்று பூட்டி விற்கிறார்கள். இது ரீஜன் ஏ டிஸ்க். சிங்கப்பூர், மலேசியாவில் விற்கும் பிளேயரில் ஓடும். இந்தியா ரீஜன் சி. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது.

முதல் டிஸ்க்கில் 216 நிமிடப் படம். சிமினோவே மேற்பார்த்த மீட்பு. 1981-ல் படத்தை 149 நிமிடமாகக் குறைத்தபோது ஒரிஜினல் நெகட்டிவிலேயே கத்தரி வைத்துவிட்டார்கள். ஆகவே நிறம் நிறமாகப் பிரித்துப் பாதுகாத்த மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதிகளை ஸ்கேன் செய்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி வண்ணத்தை மீட்டிருக்கிறார்கள். பழைய பிரதிகளில் படிந்திருந்த பழுப்புச் சாயல் போய்விட்டது. ஒளிப்பதிவாளர் வில்மோஸ் சிக்மண்ட் புகையையும் புழுதியையும் ஊடுருவவிட்ட வெளிச்சம், ரோலர் ஸ்கேட்டிங் மண்டபக் காட்சியில் அப்படியே கிடைக்கிறது. இந்த ஒரு காட்சிக்கே டிஸ்க் தகும்.

வசனம்தான் சிக்கல். கூட்டத்தின் இரைச்சலும் இசையும் பேச்சை விழுங்குகின்றன. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டே பாருங்கள். பழைய இடைவேளையையும் எடுத்துவிட்டார்கள். நீங்களே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது டிஸ்க்தான் ஏமாற்றம். சிமினோ, தயாரிப்பாளர் ஜோன் கரெல்லி, நடிகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன், இசை செய்த டேவிட் மான்ஸ்ஃபீல்டு, உதவி இயக்குநர் மைக்கேல் ஸ்டீவன்சன் ஆகியோரின் பேட்டிகள். எல்லோரும் சிமினோ பக்கத்து ஆட்கள். பணம் போட்ட ஸ்டுடியோவான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தரப்பில் ஒரு குரல்கூட இல்லை.

அந்தக் குரல் ஏன் வேண்டும்? 1979 ஏப்ரலில் இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒரே வாரத்தில் சிமினோ மொன்டானாவில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஆறு நாள் முடிந்தபோது ஐந்து நாள் பின்தங்கியிருந்தார். 1 கோடியே 16 லட்சம் டாலர் என்று போட்ட பட்ஜெட் சுமார் 4 கோடியே 40 லட்சத்தில் போய் நின்றது. எடுத்த ஃபிலிம் சுமார் 13 லட்சம் அடி. 1980 நவம்பரில் நியூயார்க்கில் வெளியாகி, ஒரு வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் வசூல் சுமார் 35 லட்சம் டாலர். 1981-ல் ஸ்டுடியோவையே எம்ஜிஎம்-முக்கு விற்றார்கள். படப்பிடிப்பில் குதிரைகள் பட்ட பாடு பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. ஹாலிவுட் செட்டுகளில் விலங்குகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். சிமினோ அதன்பின் முடித்த முழுநீளப் படங்கள் நான்கு மட்டும். கடைசிப் படம் 1996-ல். 2016-ல் இறந்தார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அப்படி ஒரு திறமைக்கு ஒரு முழுநீளப் படம்கூட அமையவில்லை என்பது மனதைப் பிசைகிறது.

இயக்குநராக வேண்டும் என்றிருப்பவர்கள் இந்த டிஸ்க்கைத் தனியாக வாங்காதீர்கள். அப்போது ஸ்டுடியோவில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்து, இதனாலேயே வேலையை இழந்த ஸ்டீவன் பாக் 1985-ல் எழுதிய ‘ஃபைனல் கட்’ புத்தகத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஷெட்யூல் எந்த நாளில் கைமீறியது, யார் தடுத்திருக்கலாம், ஏன் தடுக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதுவும் ஒரு தரப்புதான். முதலில் படம், அடுத்து புத்தகம், பேட்டிகள் கடைசியில்.