டெபிட் கார்டில் ஓர் எழுத்துப் பிழை: ஏழு மாத அலைச்சலும் 24,900 ரூபாயும்

என் மேசை இழுப்பறையில் மூலை வெட்டப்பட்ட மூன்று டெபிட் கார்டுகள் கிடக்கின்றன. மூன்றும் ஒரே கணக்குக்கு உரியவை. மூன்றிலும் என் பெயர் தவறாக அச்சாகியிருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி 2023ஆம் ஆண்டில் ஏழு மாதங்கள் அலைந்ததில் வங்கி என்னிடம் பிடித்த கட்டணம் 472 ரூபாய். அந்த அலைச்சலின் நடுவே ஒரு மோசடிக்காரனிடம் நான் பறிகொடுத்தது 24,900 ரூபாய். வங்கியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இது எந்த வங்கியிலும் நடக்கக்கூடியது, தவிர இதில் என் தவறும் கலந்திருக்கிறது.

என் பெயர் ‘விழி’ என்று முடியும். பள்ளிச் சான்றிதழ் தொடங்கி ஆதார் வரை அந்த ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத்தான் எழுதி வந்திருக்கிறேன். கணக்குத் தொடங்கியபோது தட்டச்சு செய்தவர் எல் என்ற ஒற்றை எழுத்தைப் போட்டுவிட, தபாலில் வந்த கார்டில் நான் ‘விலி’ ஆகியிருந்தேன். சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். கடையில் உள்ள ஸ்வைப் மெஷின் பின் நம்பரைக் கேட்குமே தவிரப் பெயரைக் கேட்பதில்லை; இணையத்தில் பொருள் வாங்கும்போதும் ஓடிபி சரியாக இருந்தால் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு ஆண்டுகள் ஒரு சிக்கலும் எழவில்லை. வேலையை விட்ட பிறகு வருங்கால வைப்பு நிதிப் (பிஎஃப்) பணத்துக்கு விண்ணப்பித்தபோது, வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் வைப்பு நிதிப் பதிவிலுள்ள பெயரும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிழை கார்டில் மட்டும் இல்லை, கணக்கின் பதிவிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆதார் நகலையும் பான் கார்டு நகலையும் இணைத்துக் கிளையில் ஒரு கடிதம் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் அதை வாங்கி ஒரு கோப்புக்குள் செருகிவிட்டு, “புது கார்டுக்குப் போட்டுவிடுகிறேன் மேடம், பத்து நாளில் வீட்டுக்கே வந்துவிடும்” என்றார். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாளே கணக்கில் 236 ரூபாய் பிடித்தம் ஆனது: மாற்றுக் கார்டுக்கு 200, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 36. பிழை செய்தவர்கள் அவர்கள், கட்டணம் எனக்கு.

வந்த இரண்டாவது கார்டு இன்னும் மோசம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. பான் விண்ணப்பமோ ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வதுடன் இனிஷியலையும் ஏற்காது என்பதால், தந்தையின் பெயரை விரித்து அங்கே எழுதிவிடுகிறோம். என் பான் கார்டிலிருந்து பெயரை எடுத்தவர் அப்பாவின் பெயரை முன்னால் போட்டுவிட்டார். கார்டின் காந்தப் பட்டையில் பெயருக்கு 26 எழுத்து வரைதான் இடம். முன்பக்க அச்சில் சில கார்டுகளில் அதற்கும் குறைவு. அதனால் அப்பாவின் நீண்ட பெயர் முழுதாக நின்று, என் பெயர் முதல் நான்கு எழுத்தோடு அறுந்துபோயிருந்தது. காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆன மாமனாருக்கு டெபிட் கார்டு வந்திருக்கிறது என்றார் என் கணவர். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபத்தில் எக்ஸ் தளத்தில் வங்கியைக் குறிப்பிட்டு நடந்ததை எழுதினேன். ஐந்து நிமிடத்தில் வங்கியின் சின்னத்தை முகப்பில் வைத்திருந்த ஒரு கணக்கிலிருந்து, வருத்தம் தெரிவித்து, தொடர்பு எண்ணைக் கேட்டுப் பதில் வந்தது. அது வங்கியின் கணக்குதானா என்று பார்க்காமல் எண்ணைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அழைப்பு. “மேடம், ஆதார்ல இருக்கிற மாதிரியே உங்க பேரை இப்பவே மாத்திடறேன், கட்டணம் எதுவும் கிடையாது” என்று இதமான தமிழில் பேசினான். இசட், எச் என்று எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தான். கிளையில் ஒருவரும் காட்டாத அந்தப் பொறுமையில்தான் நான் விழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு பழைய கார்டை ரத்து செய்வதற்கென்று பதினாறு இலக்க எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க எண் ஆகியவற்றைக் கேட்டான். ‘பெயர் திருத்த ஓடிபி’ வரும் என்றான், வந்தது. 24,900 ரூபாய்க்கான கொள்முதல் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. “முப்பது செகண்டுதான் மேடம் டைம்” என்று அவன் அவசரப்படுத்த, நான் ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்துப் படித்துச் சொன்னேன்.

பணம் போன செய்தி வந்தவுடன் கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணை அழைத்துக் கார்டை முடக்கினேன். அதற்குப் பிறகு அவன் முயன்ற 40,000 ரூபாய் போகவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் உடனே புகார் பதிந்தேன். ஆனால் அதற்குள் பணம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை அப்படிச் சொன்னது, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறு இல்லாமல், இடையில் வேறெங்கோ நேர்ந்த கோளாறால் பணம் போகும்போதுதான். அப்போதைய விதிப்படி, ரகசிய விவரத்தை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு மட்டுமே வங்கியுடையது. என் 24,900 நான் தெரிவிக்கும் முன்பே போனது, ஆகவே இழப்பு என்னுடையது.

முடக்கிய கார்டுக்குப் பதிலாக, இன்னொரு 236 ரூபாய் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கார்டை அனுப்பினார்கள். அதிலும் அப்பா பெயர்தான். இம்முறை நேராகக் கிளை மேலாளரின் மேசைக்குப் போனேன். அவர் அழைத்த பெண் அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாடிக்கையாளர் பெயர் என்று ஒரு கட்டமும் கார்டில் அச்சிட வேண்டிய பெயர் என்று தனியாக இன்னொரு கட்டமும் இருந்தன. முதல் கட்டத்தில் இன்னும் ‘விலி’, இரண்டாவதில் அப்பா. கார்டை மாற்றிக்கொண்டே இருந்தார்களே தவிர, முதல் கட்டத்தை ஒருவரும் தொடவே இல்லை. “கேஒய்சி படிவம் கொடுத்துப் பெயர்ப் பதிவை முதலில் மாற்றணும்மா, கார்டு அதற்கப்புறம்தான்” என்றார் அவர். கேஒய்சி என்பது வாடிக்கையாளரின் அடையாள விவரப் பதிவு. இந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆகவே உங்கள் கார்டிலும் பிழை இருந்தால், கார்டை மாற்றக் கேட்காதீர்கள். பதிவை மாற்றக் கேளுங்கள். ஆதாரில் உள்ளபடி பெயரை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். சில நாள் கழித்துப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை மறுபடி அச்சிடச் சொல்லிப் பாருங்கள். அதில் பெயர் சரியாக வந்த பிறகே புது கார்டுக்கு எழுதிக் கொடுங்கள். பெயர் நீளமானால் அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்கி அச்சிடும்படி அந்தப் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். பெயரைத் திருத்த எந்த வங்கியும் ஓடிபியைத் தொலைபேசியில் கேட்காது.

கட்டணத்தைத் திருப்பித் தரக் கேட்டு நான் எழுதிய புகாருக்கு வங்கி 30 நாள் வரை பதில் சொல்லவில்லை. அதன் பிறகு, 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்கீழ் இணையத்தில் புகார் பதிந்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் தமிழிலும் வழிகாட்டுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் 472 ரூபாய் கணக்குக்கு வந்தது. நான்காவது கார்டு இலவசமாக வந்தது. உறையைப் பிரிக்காமலே அதன் ஒளிபுகும் சன்னல் வழியாகப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். இசட் இருந்தது, எச்சும் இருந்தது. வைப்பு நிதிப் பணமும் பின்னர் வந்து சேர்ந்தது. 24,900 ரூபாய்க்கான புகார் எண் மட்டும், எப்போது போட்டுப் பார்த்தாலும், விசாரணையில் இருப்பதாகவே காட்டுகிறது.