டீசல் பம்ப் கழற்றும் முன் மார்க் போட்டார்களா? கடலூர், புதுச்சேரி பழைய டீசல் வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

பண்ருட்டியில் பலா லோடு எடுக்கும் நாலு சிலிண்டர் வண்டி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் வருவதற்கு முந்தைய, இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) வைத்த இன்ஜின். டைமிங் கவரில் ஆயில் கசிவு என்று புதுச்சேரியில் ஒரு பட்டறையில் விட்டார்கள். கசிவு நின்றது. மறுநாள் காலையிலிருந்து செல்ஃப் நீளமாக அடித்தால்தான் ஸ்டார்ட், கண் எரிகிற வெள்ளைப் புகை, லோடில் இழுவையே இல்லை.

அதே பட்டறைக்குத் திரும்பப் போனதும் வந்த பதில்: "அண்ணே, பம்ப் போயிடுச்சு. எலிமெண்ட், டெலிவரி வால்வு, நாசில் எல்லாம் நாலு நாலு மாத்தணும்." எலிமெண்ட் என்பது பம்புக்குள் டீசலை அழுத்தும் பாகம்; டெலிவரி வால்வு அதன் மேலே இருப்பது; நாசில் இன்ஜெக்டரின் டீசல் தெளிக்கும் முனை. பில் 21,400 ரூபாய். வண்டி இழுத்தது. கூடவே கரும்புகை வந்தது, மைலேஜ் இறங்கியது.

வேறு இடத்தில் பார்த்தபோது டெலிவரி வால்வை மேலிருந்து பிடித்திருக்கும் ஹோல்டர் நாலிலும் பழைய பெயிண்ட் கீறல் விழாமல் இருந்தது. அந்த ஹோல்டரைக் கழற்றாமல் எலிமெண்ட் வெளியே வராது. இன்ஜெக்டரைச் சுற்றிப் பழைய கரி அப்படியே. ஆனால் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மேக்ஸிமம் ஃப்யூவல் ஸ்க்ரூவின் ஈயச் சீல் மட்டும் வெட்டியிருந்தது. எதையும் மாற்றவில்லை, டீசலை மட்டும் கூட்டிவிட்டிருக்கிறார்கள்.

உண்மையான கோளாறு, கவர் வேலைக்குப் பம்பைக் கழற்றியவர்கள் மார்க் பார்க்காமல் மாட்டியதுதான். டைமிங், அதாவது சிலிண்டருக்குள் டீசல் இறங்கும் நேரம், பின்தங்கினால் டீசல் தாமதமாக இறங்கும், குளிர்ந்த இன்ஜினில் முழுதாக எரியாது. வெள்ளைப் புகை அதனால்தான். அதற்கு மேல் டீசலைக் கூட்டினால் சைலன்ஸர் பக்கம் சூடு ஏறி வால்வும் பிஸ்டனும் அடிபடும். நோயைத் தீர்க்காமல் மூடி மறைக்கிற இந்த வேலைதான் பில்லைவிட ஆபத்தானது.

பம்ப் சுற்றுவது கிராங்கின் பாதி வேகத்தில். பம்பில் 1 டிகிரி தவறினால் கிராங்கில் 2 டிகிரி. பம்ப் கியரில் 60 பல் இருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டினால் 12 டிகிரி போச்சு.

சரியான முறை இது. 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷனில் (பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும் நிலையில்) இருக்க வேண்டும். அப்போது 4ஆம் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் ராக்கர் இரண்டும் ஆடும் நிலையில் நிற்கும். இன்ஜினை ஓடும் திசையிலேயே சுற்றி, அந்த இன்ஜினுக்குச் சொன்ன டிகிரி மார்க்கில் நிறுத்தவும். மார்க்கைத் தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி வர வேண்டும், இல்லாவிட்டால் கியர் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். 1ஆம் ஹோல்டரைக் கழற்றி, வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து வைத்து, ஹோல்டரை மட்டும் மாட்டி வளைந்த குழாய் ஒன்று பொருத்தவும். ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்கட்டும். ஹேண்ட் பம்பை அடித்தால் டீசல் ஒழுகும். பம்ப் உடலை, ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்பினால் டைமிங் முன்னேறும். ஒழுக்கு சொட்டுச் சொட்டாகக் குறையும் இடத்தில் நட்டை இறுக்கவும். இந்த வண்டிக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. அப்புறம் பம்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஃப்யூவல் அளவைப் பழையபடி வைத்து, புதுச் சீல் போட்டார்கள்.

அளவுக்கு மேல் முன்னே வைத்துவிட்டாலும் கெடுதல்தான். கடகடவென்று தட்டும், ஹெட் கேஸ்கெட் போகும்.

எல்லா வெள்ளைப் புகையும் டைமிங் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஃபில்டர், ஏர் லாக் (டீசல் லைனில் காற்று), டாப்பெட் (வால்வு இடைவெளி) பாருங்கள். ஐட்லிங்கில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்; எதைத் தளர்த்தும்போது ஓட்டம் குறையவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. கையைப் பீய்ச்சும் டீசலுக்கு நேரே வைக்காதீர்கள், தோலைத் துளைத்துவிடும்.

பட்டறையில் விடும் முன் பம்ப் ஃபிளாஞ்ச் (இன்ஜினோடு இணையும் விளிம்பு) மார்க், ஹோல்டர்கள், ஈயச் சீல் மூன்றையும் ஃபோனில் படம் எடுங்கள். மாற்றினேன் என்று சொன்னால் பழைய எலிமெண்ட், நாசில், டெஸ்ட் பெஞ்சில் அளந்த கேலிபரேஷன் சீட்டு மூன்றும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர் என்றால் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பட்டறை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூரிலேயே போதும். கெடு 2 ஆண்டு. பில்லைத் தொலைக்காதீர்கள்.